எண்ணப்படாத மகள்களும் சுருங்கிய வீடுகளும்: சேலம், நாமக்கல் சமவெளியின் கணக்கெடுப்புகள்

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அன்றைய சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேர்தான் இருந்தார்கள். தமிழ்நாட்டின் சராசரி அப்போது 948. இயற்கையிலேயே ஆண் குழந்தைகள் சற்றுக் கூடுதலாகப் பிறக்கும். 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள். அந்தக் கணக்கில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 950-ஐ ஒட்டிப் பெண் குழந்தைகள் இருந்தாக வேண்டும். சேலத்தில் ஆயிரத்துக்கு நூறு பேரைக் காணவில்லை. நாட்டிலேயே மிகக் குறைந்த எண்களில் ஒன்று அது.

ஆறு வயது என்ற வரம்பு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1991 முதல் எழுத்தறிவை ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் மட்டுமே கணக்கிடுகிறார்கள். ஆகவே ஏழு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைத் தனியே கூட்டியாக வேண்டும். அந்தக் கூட்டல் முதற்கட்ட முடிவுகளோடு சேர்ந்தே வெளியாகிறது. எழுத்தறிவுக்காகப் பிரித்த ஒரு கட்டம்தான் பெண் குழந்தைகள் குறைவதை ஊர் ஊராகக் காட்டும் அளவுகோலாயிற்று.

ஆனால் 849 என்ற எண் பற்றாக்குறையை மட்டுமே சொன்னது. பெண் குழந்தைகள் பிறக்கவில்லையா, பிறந்து இறந்தார்களா, அல்லது கணக்கெடுப்பாளரிடம் சொல்லாமல் விட்டார்களா என்பதை அந்த எண்ணிலிருந்து பிரித்தறிய வழியில்லை. உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கொலை நடப்பதாக 1986-இல் ‘இந்தியா டுடே’ இதழ் எழுதிய பிறகு, அது மதுரைப் பக்கத்து வழக்கம் என்றே பலரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1991 எண்கள் வடக்கே இன்னொரு பெரிய வட்டாரத்தைக் காட்டின. மறு ஆண்டே, 1992-இல், முதலமைச்சர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கினார். வளர்க்க விரும்பாத குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லலாம். பெற்றவர் யார் என்று கேட்கப்படமாட்டாது. 2001-இல் அத்திட்டம் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிந்தது.

பற்றாக்குறையின் காரணத்தைக் காட்டியது வேறொரு பதிவு. சமவெளிப் பகுதியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். அதற்கு ஒரு கிராம சுகாதாரச் செவிலியர். எந்த வீட்டில் யார் கர்ப்பம், எத்தனையாவது பிரசவம், முதல் இரண்டும் பெண்ணா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பிறப்பையும் சிசு மரணத்தையும் அவர் பதிவேட்டில் எழுதுவார்; மரணத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. குறைமாதம், மூச்சுத்திணறல், காய்ச்சல் என்று வரும் அந்தக் கட்டத்தில் சில இடங்களில் ‘சமூகக் காரணம்’ என்று எழுதப்பட்டிருந்தது. கொலை என்று எழுதினால் போலீஸ் வரும். ஊர் கைவிட்டால் செவிலியர் அங்கே வேலை பார்க்கவும் முடியாது. எழுதாமல் விட்டால் பதிவேடு பொய்யாகும். இவை இரண்டுக்கும் நடுவே கிடைத்த சொல் அது.

ஆரம்ப சுகாதார நிலையங்களின் 1995-ஆம் ஆண்டுப் பதிவுகளைத் தொகுத்து, ஷீலா ராணி சுங்கத் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் பொருளியலாளர் வெ.பா. ஆத்ரேயாவும் 1997-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மதுரை வட்டாரத்திலிருந்து திண்டுக்கல், சேலம் வழியாகத் தருமபுரி வரை நீளும் ஒரு பட்டையை அது அடையாளம் காட்டியது. அவர்கள் கையாண்ட வாதம் எளியது, வலியது. பிறந்த முதல் வாரத்தில் ஆண் சிசுக்களே கூடுதலாக இறக்கும், உடலியல் அப்படி. ஓர் ஊரில் முதல் வாரத்தில் பெண் சிசுக்கள் கூடுதலாக இறந்தால், அதுவும் மூன்றாம் நான்காம் பெண்ணாகப் பிறந்தவர்களே கூடுதலாக இறந்தால், நோயைக் காரணம் காட்ட இடமில்லை. யாரையும் விசாரிக்காமல், யாரிடமும் ஒப்புதல் வாங்காமல், தேதிகளின் அடுக்கிலிருந்தே உண்மை வெளிப்பட்டது. தமிழ்நாட்டின் கள ஆய்வு வரலாற்றில் இதற்கு இணையாகச் சொல்லக்கூடியவை குறைவு. அதற்கு அடித்தளம் போட்டவர்கள் மாதச் சம்பளத்துக்கு வீடு வீடாக நடந்த செவிலியர்கள்.

சேலம் மாவட்டத்தின் எண்களைக் காலவரிசையில் ஒப்பிடும்போது ஒரு தடங்கல் உண்டு. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2001-இல் சேலத்தின் குழந்தைப் பாலின விகிதம் 851. 849 என்பது 851 ஆனது, பத்தாண்டில் ஒன்றும் மாறவில்லை என்று எழுதியவர்கள் உண்டு. அது சரியான ஒப்பீடு ஆகாது. பழைய 849-க்குள் நாமக்கல்லும் இருந்தது. நாமக்கல் பகுதியின் நிலை சேலத்தை விடச் சற்று மேல். இன்றைய எல்லைக்குள் மட்டும் 1991-ஐக் கணக்கிட்டால் சேலம் 849-க்கும் கீழே இருந்திருக்கும். ஆகவே 851 என்பது ஒரு சிறிய ஏற்றம்தான். 2011-இல் சேலம் 916-க்கும் நாமக்கல் 914-க்கும் வந்தன. மாநிலம் 943-இல் நின்றது. சேலத்தின் இந்த ஏற்றம் பெரிது. சமவெளி இன்னமும் மாநிலச் சராசரிக்குக் கீழேதான் இருந்தது.

இதற்கிடையே பற்றாக்குறையின் வழி மாறியிருந்தது. பிறந்த பின் கொல்வது குறைந்தது. ஸ்கேன் மையங்கள் சிறு நகரங்களுக்கும் வந்தன. கருவின் பாலினத்தை அறிந்து சொல்வதைத் தடை செய்யும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு 1996 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. சிசுக்கொலை சிசு மரணப் பதிவில் தடயம் விடும். பாலினம் பார்த்துச் செய்யும் கருக்கலைப்பு அந்தப் பதிவில் எந்தத் தடயமும் விடாது. பிறப்புப் பதிவேட்டில் ஆண், பெண் எண்ணிக்கையின் வித்தியாசமாக மட்டுமே தெரியும். பிரசவங்கள் அனேகமாக முழுவதும் மருத்துவமனைக்கு வந்துவிட்டதாலும், பிறப்புச் சான்றிதழுக்கு, கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரப்படும் ஆர்.சி.எச். எண் தேவை என்ற விதி 2017-இல் வந்ததாலும், கர்ப்பம் பதிவானது முதல் பிரசவம் வரை தொடரும் ஒரு கணக்கு இன்று அரசின் கையில் இருக்கிறது. பதிவே செய்யாமல் மூன்று மாதம் தள்ளிப்போடும் குடும்பம் அதற்கும் சிக்காது.

மாவட்டத்தின் மொத்தப் பாலின விகிதம் பெண் குழந்தைகளின் பற்றாக்குறையை மறைத்துவிடும். 2011-இல் நாமக்கல்லில் எல்லா வயதினரையும் சேர்த்தால் 1,000 ஆண்களுக்கு 986 பெண்கள், குழந்தைகளில் 914. மூத்த வயதில் பெண்கள் கூடுதலாக வாழ்கிறார்கள். அந்தக் கூடுதல் தொட்டில் வயதின் பற்றாக்குறையை ஈடுசெய்து நல்ல தோற்றம் தருகிறது. மாவட்டக் கையேடுகளில் 986 மட்டும் அச்சாகும்போது வாசகர் தவறான முடிவுக்குப் போகிறார்.

எல்லோரையும் எண்ணும் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வருவது. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு மாதிரிக் கணக்கெடுப்புகள் உண்டு. அவற்றில் முதன்மையானது தேசியக் குடும்ப நல ஆய்வு. மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இதை நடத்துகிறது. முதல் சுற்று 1992–93-இல் நடந்தது, ஐந்தாவது 2019–21-இல். தமிழ்நாட்டில் ஐந்தாம் சுற்றின் களப்பணி கொரோனா பொதுமுடக்கத்துக்கு முன்னும் பின்னுமாக நடந்தது. 27,929 குடும்பங்கள், 25,650 பெண்கள், 3,372 ஆண்கள். தேர்ந்தெடுத்த ஊரில் முதலில் வீடுகளை வரைந்து பட்டியலிடுவார்கள். பிறகு அந்தப் பட்டியலிலிருந்து ஒரே இடைவெளியில் 22 வீடுகளை எடுப்பார்கள். எந்த வீடு என்பதைக் களப்பணியாளர் முடிவு செய்ய முடியாது. பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக்குப் போகவும் கூடாது.

இந்த ஆய்வின் உயிர்நாடி ‘பிறப்பு வரலாறு’ என்ற பகுதி. 15 முதல் 49 வயது வரையிலான பெண்ணிடம், உங்களோடு இருக்கும் மகன்கள் எத்தனை, மகள்கள் எத்தனை, வெளியூரில் இருக்கும் மகன்கள் எத்தனை, மகள்கள் எத்தனை என்று தனித்தனியாகக் கேட்பார்கள். மொத்தமாகக் கேட்டால் கட்டிக்கொடுத்த மகளை விட்டுவிட்டுச் சொல்வது பல வீடுகளில் இயல்பாக நடக்கும். அதன்பின், பிறந்து இறந்த குழந்தை உண்டா என்ற கேள்வி. இல்லை என்று பதில் வந்தாலும் அடுத்த கேள்வி நிச்சயம் வரும்: பிறந்ததும் அழுது, உயிரோடு இருந்த அறிகுறி காட்டி, சில மணி நேரமோ சில நாளோ மட்டுமே இருந்த குழந்தை உண்டா? உலகின் பல நாடுகளில் ஒரே வடிவத்தில் கேட்கப்படும் கேள்வி இது. எடப்பாடிப் பக்கத்து விசைத்தறி வீடு ஒன்றில் அதைக் கேட்கும்போது அதன் பொருள் எத்தனை கனமானது என்பதைக் கேட்பவரும் பதில் சொல்பவரும் அறிவார்கள்.

தேதி நினைவில்லாத இடத்தில் ஊர்ப் பண்டிகைகள் கைகொடுக்கும். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு முன்பா பின்பா, திருச்செங்கோட்டுத் தேர் ஓடியபோது குழந்தை தவழ்ந்ததா நடந்ததா என்று கேட்டு மாதத்தை நெருங்குவார்கள். வயதைக் கேட்டால் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று முழு எண்ணிலேயே பதில் குவியும். அந்தக் குவியலை அளந்து, தரவின் தரம் எவ்வளவு என்று சொல்லவும் மக்கள்தொகையியலில் தனிக் குறியீடுகள் உண்டு.

மாதிரிக் கணக்கெடுப்புக்கு ஓர் எல்லை உண்டு. நான்காம் சுற்றிலிருந்து (2015–16) மாவட்ட வாரியாகவும் முடிவுகள் வெளியாகின்றன. ஒரு மாவட்டத்துக்கு ஏறத்தாழ 900 குடும்பங்கள்தான். பிறப்பு குறைந்த மாவட்டத்தில் அந்த வீடுகளில் கடந்த ஐந்தாண்டில் 300 குழந்தைகள் பிறந்தன என்று வைத்துக்கொள்வோம். பாலின விகிதம் உண்மையில் 950 ஆகவே இருந்தாலும், 300 பிறப்புகளை மட்டும் பார்த்தால் தற்செயலாக அது 760 என்றும் வரலாம், 1,190 என்றும் வரலாம். சுற்றுக்குச் சுற்று ஒரு மாவட்டத்தின் எண் ஏறினால் பாராட்டி எழுதுவதும் இறங்கினால் அலறுவதும் பத்திரிகைகளில் வாடிக்கையாகிவிட்டது. இரண்டுக்கும் ஆதாரம் போதாது. 2011 கணக்கெடுப்பு சேலத்தில் சுமார் 3.45 லட்சம் குழந்தைகளை எண்ணியது. 916-ஐ நம்பலாம் என்பதற்குக் காரணம் அந்த அளவு. மாவட்ட அளவில் மொத்தக் கருவள விகிதத்தைக் குடும்ப நல ஆய்வின் தகவல் தாள்கள் தராமல் விடுவதும் மாதிரி சிறிதாக இருப்பதால்தான்.

மாநில அளவில் கருவளம் எப்படி இறங்கியது என்பதில் ஐயமில்லை. ஒரு பெண் வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் சராசரி 1992–93-இல் 2.5, 2005–06-இல் 1.8; அதன் பின் அதை ஒட்டியே நிற்கிறது. மாதிரிப் பதிவு முறை என்ற இன்னொரு ஏற்பாடு 2020-க்குத் தமிழ்நாட்டின் விகிதத்தை 1.4 என்று தந்தது, இந்தியாவுக்கு 2.0. இந்த முறையில் தேர்ந்தெடுத்த ஊரில் ஓர் உள்ளூர்ப் பதிவாளர் பிறப்பு, இறப்பை உடனுக்குடன் எழுதுவார். அரையாண்டுக்கு ஒருமுறை வெளியிலிருந்து மேற்பார்வையாளர் வந்து, அவருடைய ஏட்டைப் பார்க்காமலே வீடு வீடாகக் கேட்டு எழுதுவார். இரண்டையும் ஒத்துப்பார்த்து, பொருந்தாதவற்றை மீண்டும் களத்தில் சரிபார்ப்பார்கள். ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார் என்ற இந்த ஏற்பாடு 1960-களின் நடுவே சோதனையாகத் தொடங்கியது.

மாநிலச் சராசரிக்குள், கருவளம் குறைவதில் சேலம், நாமக்கல் உள்ளிட்ட கொங்குச் சமவெளி முன்னால் போனது. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் கிறிஸ்தோஃப் கில்மோத்தோ நடத்திய தென்னிந்தியக் கருவள ஆய்வுத் திட்டம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வயதுப் பட்டியல்களை வரைபடத்தில் பரப்பி, பிறப்பு குறைந்த இடங்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பதைக் காட்டியது. எழுத்தறிவு மட்டும் இதை விளக்காது. 2011-இல் மாநில எழுத்தறிவு 80 சதவீதம். நாமக்கல் 75-ஐயும் சேலம் 73-ஐயும் ஒட்டியே இருந்தன. படிப்பில் பின்னால் இருந்த பகுதி பிள்ளைப்பேற்றில் முன்னால் சுருங்கியது. கிணற்றுப் பாசன நிலம் பங்கு பிரிந்தால் கிணறும் மின் இணைப்பும் சேர்ந்து பிரியும். லாரி, தறி, கோழிப்பண்ணை எல்லாம் கடனில் தொடங்கி ஒரு கையில் வளர வேண்டிய சொத்து. மகளின் கல்யாணச் செலவு தனிக் கணக்கு. சொத்து சிதறாமல் இருக்க ஒரு பிள்ளை போதும் என்ற முடிவும், அந்த ஒன்று ஆணாக இருக்க வேண்டும் என்ற முடிவும் ஒரே வீட்டில், ஒரே பேச்சில் எடுக்கப்பட்டன. இந்தச் சமவெளியின் மக்கள்தொகை மாற்றத்தில் பெருமைப்படத்தக்கதையும் தலைகுனியத்தக்கதையும் தனித்தனியே பிரித்தெடுக்க முடியாமல் போவது இதனால்தான்.

இத்தகைய முடிவுகளை வீட்டாரிடம் கேட்டு அறிவதிலும் சிக்கல் உண்டு; அது இடத்துக்கு இடம் வேறுபடும். அமெரிக்காவில் குடும்பம், திருமணம், மதம், முதுமை பற்றிய போக்குகளைப் பியூ ஆய்வு மையம் போன்ற நிறுவனங்கள் பெரியவர்களிடம் கேட்டு அறிகின்றன. அங்கே அவர்களுக்கு உள்ள பெருஞ்சிக்கல் பதில் சொல்ல ஆள் கிடைக்காதது. அம்மையத்தின் தொலைபேசி ஆய்வுகளில் 1997-இல் நூற்றுக்கு 36 பேர் பதில் தந்தார்கள்; 2018-இல் 6 பேர். அதனால் இணையவழி நிலையான குழுவுக்கு அவர்கள் மாறிவிட்டார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் நாடு முழுவதும் பெண்களில் 97 சதவீதத்தினர் பதில் தந்தார்கள். கதவு திறக்கிறது, தண்ணீர் தந்து உட்காரவும் சொல்கிறார்கள். ஆனால் மருமகள் பதில் சொல்லும்போது மாமியார் நிலைப்படியில் நிற்கிறார். எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று விரும்பினீர்கள் என்ற கேள்விக்கு வீட்டார் அங்கீகரிக்கும் பதிலே வரும். வீட்டு வன்முறை பற்றிய பகுதியைத் தனிமை கிடைக்காவிட்டால் கேட்கவே கூடாது என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான். உயர்ந்த பதில் விகிதம் உண்மையான பதில்களுக்கு உத்தரவாதம் ஆகாது.

ஆண்களைப் பிடிப்பது வேறு விதமான சிரமம். நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்களும் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஆட்களும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வடமாநிலங்களில் இருப்பார்கள். 2011 கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. அந்த இருபது நாளும் ஊரில் இல்லாதவர் வீட்டுக் கணக்கில் சேரமாட்டார். மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தவர் அங்கே எண்ணப்பட்டிருக்க வேண்டும். வண்டியிலேயே உறங்குபவரை அங்கும் யார் தேடுவார்கள்? எச்.ஐ.வி. பரவிய காலத்தில் இதே தொழில்தான் நாமக்கல்லைச் சுகாதாரத் துறையின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. சென்னை தன்னார்வ சுகாதாரப் பணி நிறுவனத்தின் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் 1996 முதல் லாரி ஓட்டுநர் உள்ளிட்டோரிடம் பழக்கவழக்க ஆய்வுகளை நடத்தியது. கர்ப்பிணிகளிடம் பெயர் குறிக்காமல் எடுத்த ரத்த மாதிரிகளே மாவட்ட நிலைமைக்கு அளவாயின. அரசு மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு மிகையாக இருக்கலாம் என்பது பிறகு தெளிவாயிற்று: வீடுகளில் ரத்தப் பரிசோதனை செய்த 2005–06 குடும்ப நல ஆய்வு கிடைத்ததும், இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் மதிப்பீடு 50 லட்சத்துக்கு மேலிருந்து சுமார் 25 லட்சத்துக்கு இறங்கியது.

1991-இல் ஆறு வயதுக்குள் இருந்தவர்கள் 2010-களில் கல்யாண வயதுக்கு வந்தார்கள். கொங்குப் பகுதி மாப்பிள்ளைகளுக்குப் பெண் கிடைக்கவில்லை என்றும், தரகர்கள் பாலக்காட்டுப் பக்கம் பெண் தேடுகிறார்கள் என்றும் செய்திகள் வந்தது அந்த ஆண்டுகளில்தான். பெண் குழந்தைகளின் பற்றாக்குறையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மணமகன் நாலைந்து வயது மூத்தவராக இருப்பது வழக்கம். ஆண்டுக்காண்டு பிறப்பு குறையும் ஊரில் அவருக்கு இணையான பெண்கள், அவருடைய ஆண்டைவிடச் சிறிய ஆண்டில் பிறந்தவர்கள். விகிதம் 950 ஆக இருந்தாலும் நெருக்கடி வந்திருக்கும். 849 அதை இரட்டித்தது.

ஒற்றைப் பிள்ளை வீடுகளின் பெற்றோர் இப்போது முதுமைக்குள் நுழைகிறார்கள். 2011-இல் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2017–18-இல் முதல் சுற்றை முடித்த இந்திய முதுமை நெடுநோக்கு ஆய்வு, அமெரிக்காவின் உடல்நலம், ஓய்வுக்கால ஆய்வை ஒத்த வடிவில் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000-க்கும் அதிகமானோரைத் தொடர்ந்து பார்க்கிறது. அதன் முடிவுகள் மாநில அளவோடு நின்றுவிடுகின்றன. மகன் பெங்களூரிலும் பெற்றோர் ராசிபுரத்திலும் இருக்கும் வீட்டை மாவட்ட அளவில் எண்ண, முழுக் கணக்கெடுப்பையே நம்ப வேண்டியிருக்கிறது.

2021-இல் நடந்திருக்க வேண்டிய அந்தக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2025 ஜூன் அறிவிப்பின்படி 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு சாதி விவரத்தோடும் நடக்கவிருக்கிறது. அதில் ஆறு வயது வரையிலானவர்கள் 2020 மார்ச் முதல் பிறந்தவர்கள். 2011-இன் அதே கட்டத்தில் 2011 பிப்ரவரி வரை பிறந்தவர்கள் இருந்தார்கள். உரிய ஆண்டில் நடந்திருந்தால் மூன்றாண்டுப் பிறப்புகள் மட்டுமே இரண்டுக்கும் நடுவே விடுபட்டிருக்கும். இப்போது விடுபடுவது ஒன்பது ஆண்டுகள். 2011 மார்ச்சுக்கும் 2020 பிப்ரவரிக்கும் இடையே சேலத்திலும் நாமக்கல்லிலும் பிறந்த பிள்ளைகள் குழந்தைகளாக எந்த முழுக் கணக்கெடுப்பிலும் இடம்பெறமாட்டார்கள். முதல் முறை எண்ணப்படும்போது அவர்களுக்கு ஏழு முதல் பதினைந்து வயதாகியிருக்கும். அவர்களுடைய பாலின விகிதத்தைப் பிறப்புப் பதிவேடுகளையும் பள்ளிச் சேர்க்கை ஏடுகளையும் அந்த வயதுப் பட்டியலோடு ஒத்துப்பார்த்துத்தான் மீட்டெடுக்க வேண்டும்.